பட்டம் பெறாத பேராசிரியர்

பங்குனி பிறந்ததும் எங்கள் காவிரிப் படுகையில் ஆரவாரமின்றி ஒரு விடைபெறுதல் நிகழ்கிறது. சம்பா அறுவடை முடிந்து, வைக்கோல் போர்கள் எழுந்து, உளுந்தும் பயறும் காய்பிடித்திருக்கும் வேளை அது. பட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள சாலைகளில் விடியற்காலையில் நடந்தால், மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் நெருக்கமாக அமர்ந்திருப்பதைக் காணலாம். சில நாள்களில் அந்தக் கம்பிகள் வெறுமையாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து வந்த விருந்தினர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள் என்று பொருள்.

பணி நிறைவு பெற்ற பின்னர், ஆண்டுதோறும் இந்தப் பருவத்தில் மன்னார்குடி - தஞ்சாவூர் சாலையில் உள்ள வடுவூர் ஏரிக்குச் செல்வதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். 128 ஹெக்டேர் பரப்புள்ள இந்தப் பாசன ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. மார்கழியில் கூட்டம் கூட்டமாக மிதந்த ஊசிவால் வாத்துகள் பங்குனியில் குறைந்திருக்கும். நத்தைகுத்தி நாரைகளும், அரிவாள் மூக்கன்களும், கரண்டிவாயன்களும், பாம்புத்தாராக்களும் வற்றத் தொடங்கிய நீரின் ஓரத்தில் இரை தேடிக்கொண்டிருக்கும். வருகையைக் காணப் பலர் வருகிறார்கள். புறப்பாட்டைக் காண வருவோர் குறைவு. ஓர் ஏரியின் உண்மையான நிலையை அறிய வேண்டுமானால், நீர் வற்றும் இந்த நாள்களில்தான் வந்து பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம்.

கையில் தொலைநோக்கியுடன் அந்தக் கரையில் நிற்கும்போதெல்லாம் ஒருவருடைய வாழ்க்கை என் நினைவுக்கு வருகிறது. பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்று, வாழ்நாளின் பெரும்பகுதியைக் கல்லூரி வகுப்பறையில் கழித்தவன் நான். அவரோ முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத காரணத்தாலேயே அரசுப் பணி மறுக்கப்பட்டவர். பிற்காலத்தில் இந்திய அரசு அவரைத் தேசியப் பேராசிரியராக அமர்த்தியது. அவர்தான் சாலிம் அலி.

பம்பாயில் 1896 நவம்பர் 12 அன்று, குடும்பத்தின் கடைசிக் குழந்தையாகப் பிறந்தார் சாலிம் அலி. ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியும் அவருடைய மனைவி ஹமீதா பேகமும், தமக்குக் குழந்தை இல்லாத நிலையில், இந்தப் பிள்ளைகளை வளர்த்தனர். மாமா வேட்டையில் விருப்பமுடையவர். அந்த வீட்டில் வளர்ந்த சிறுவனின் கைக்குக் காற்றுத் துப்பாக்கி வந்ததில் வியப்பில்லை.

ஒருநாள் சிறுவன் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று இருந்தது. வழக்கமான குருவிகளில் காணாத அடையாளம் அது. என்ன பறவை என்று மாமாவிடம் கேட்டான். தெரியாத மாமா, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலராக இருந்த மில்லார்டிடம் அவனை அனுப்பிவைத்தார். அந்த ஆங்கிலேயர் சிறுவனை விரட்டவில்லை. பறவையின் பெயரைச் சொன்னார். பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த பறவைகளின் பெட்டிகளைத் திறந்து காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட மாமாவும், ஒரு சிறுவனுக்காக அரைமணி நேரம் ஒதுக்கிய அலுவலரும் இல்லாதிருந்தால், இந்தியப் பறவையியலின் வரலாறு வேறாக இருந்திருக்கும். ஆசிரியனாக இருந்த எனக்கு இந்தப் பகுதியைப் படிக்கும்போது, நேரமில்லை என்று நான் திருப்பி அனுப்பிய மாணவர்களின் முகங்கள் நினைவுக்கு வருவதுண்டு.

கல்லூரிப் படிப்பு அவருக்குக் கைகூடவில்லை. இடையில் நிறுத்திவிட்டு, குடும்பத்தின் சுரங்க, மரத் தொழிலைக் கவனிக்கப் பர்மாவின் தவாய் பகுதிக்குச் சென்றார். தொழில் வளர்ந்ததோ இல்லையோ, அந்தக் காடுகளில் பறவைகளைப் பற்றிய அவரது அறிவு வளர்ந்தது. 1917-இல் பம்பாய் திரும்பி வணிகக் கல்வி பயின்றபோது, புனித சேவியர் கல்லூரியின் பாதிரியார் பிளாட்டர் அவரது நாட்டத்தைக் கண்டறிந்து விலங்கியல் படிக்கத் தூண்டினார். 1918-இல் தெஹ்மினாவை மணந்தார்.

இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பணியிடம் ஒன்று வந்தபோது, பட்டம் இல்லை என்று அவர் நிராகரிக்கப்பட்டார். 1926-இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில், மாதம் 350 ரூபாய் ஊதியத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. பார்வையாளர்களுக்குக் காட்சிப் பொருள்களை விளக்கும் பணி. இரண்டே ஆண்டுகளில், தாம் கற்றது போதாது என்று உணர்ந்து, 1928-இல் விடுப்பெடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குச் சென்றார். பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்னும் அறிஞரிடம் பயின்றார். வட கடலின் ஹெலிகோலாந்து தீவில், பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுவிக்கும் முறையை நேரில் கண்டார். கற்ற கல்வியுடன் 1930-இல் தாயகம் திரும்பியபோது, நிதிப் பற்றாக்குறையால் அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

முப்பத்து மூன்று வயது, குடும்பம் உண்டு, வேலை இல்லை. பொருளாதார வகுப்பில் வேலையின்மையைப் பற்றி நான் எத்தனையோ வரைபடங்கள் வரைந்திருக்கிறேன். வேலையிழந்த ஒரு மனிதர் தம் நேரத்தை என்ன செய்தார் என்பதற்கு சாலிம் அலியைப் போன்ற எடுத்துக்காட்டு எந்தப் பாடநூலிலும் எனக்குக் கிடைத்ததில்லை. பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடற்கரைச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கத் தொடங்கினார்.

தூக்கணாங்குருவி நமக்குப் புதிதன்று. டெல்டாவில் கிணற்றோரப் பனையிலும், வாய்க்கால் கரை ஈச்சமரத்திலும் அதன் கூடு ஆடுவதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். அது ஓர் ஆண், ஒரு பெண் கொண்ட இல்லறம் என்றுதான் பலரும் எண்ணியிருந்தனர். மாதக்கணக்கில் பொறுமையாக உற்றுநோக்கிய சாலிம் அலி வேறொன்றைக் கண்டார். ஆண் குருவி கூட்டைப் பாதி வரை பின்னிவிட்டுக் காத்திருக்கிறது. பெண் குருவி வந்து கூட்டைச் சோதித்துப் பார்க்கிறது. பிடித்திருந்தால் குடியேறுகிறது, பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டுக்குச் செல்கிறது. குடியேறிய பின் ஆண் அந்தக் கூட்டை முழுமையாக்கி விட்டு, அடுத்த கூட்டைத் தொடங்கி இன்னொரு துணையைத் தேடுகிறது. விலை உயர்ந்த கருவி ஏதுமின்றி, பார்த்ததை நாள்தோறும் குறித்து வைத்ததன் மூலம் கிடைத்த கண்டுபிடிப்பு இது. இந்தக் கட்டுரைதான் பறவையியல் உலகில் அவருக்குப் பெயரைப் பெற்றுத்தந்தது.

அடுத்து அவர் செய்தது ஒரு துணிச்சலான ஏற்பாடு. தமக்கு ஊதியம் வேண்டாம், களப்பயணச் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும் என்று கூறி, சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க முன்வந்தார். ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி, குவாலியர், இந்தூர், போபால் எனப் பல நாடுகளின் காடுகளில் கூடாரமடித்துத் தங்கினார். வசதியான குடும்பத்தில் பிறந்த தெஹ்மினா முகாம்களில் அவருடன் வாழ்ந்தார். 1939-இல் ஒரு சிறு அறுவை சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா காலமானார். அந்த இழப்பிலிருந்து மீள அவருக்கு வெகுகாலம் ஆயிற்று. மறுமணம் செய்துகொள்ளவில்லை. தங்கையின் வீட்டுப் பிள்ளைகளைப் போலத் தமக்கை கமூவின் குடும்பத்தார் அவரைத் தாங்கிக்கொண்டனர். அவர் மீண்டும் களத்துக்குத் திரும்பினார்.

1941-இல் வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் நூல், வண்ணப் படங்களுடன், எளிய மொழியில், சாதாரண வாசகர்களைப் பறவை நோக்குவோராக மாற்றியது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து அவர் எழுதிய இந்திய, பாகிஸ்தான் பறவைகள் கையேட்டின் பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளிவந்தன. கடைசித் தொகுதி வந்தபோது அவருக்கு வயது எழுபத்தேழைக் கடந்திருந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில் பெரும் ஆர்வம் கொண்டிருந்த அவர், 1950-இல் சுவீடனில் நடந்த பறவையியல் மாநாட்டுக்காகத் தம் வண்டியைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றார் என்பது அவருடைய மனவளத்துக்குச் சான்று.

எங்கள் மண்ணுக்கும் அவருக்குமான உறவு ஒரு காய்ச்சலிலிருந்து தொடங்குகிறது. 1957-இல் இன்றைய கர்நாடகத்தின் கியாசனூர் காட்டுப் பகுதியில் புதிய வைரஸ் காய்ச்சல் ஒன்று கண்டறியப்பட்டது. ரஷ்யப் பகுதியில் காணப்பட்ட ஒருவகை நோய்க்கிருமியை அது ஒத்திருந்ததால், வலசைப் பறவைகளின் உடலில் ஒட்டிவரும் உண்ணிகள் அதனைக் கொண்டுவந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவை வலசை ஆய்வைத் தொடங்கியது. ஹெலிகோலாந்தில் இளம் வயதில் கற்ற வளையமிடும் கலை, முப்பது ஆண்டுகளுக்குப் பின் சாலிம் அலிக்குக் கைகொடுத்தது. அந்த ஆய்வின் முக்கியக் களங்களுள் ஒன்றாகக் கோடியக்கரை அமைந்தது.

வேதாரண்யம் சதுப்பு நிலத்தில் பூநாரைகளையும், ஆலாக்களையும், ஆயிரக்கணக்கான உள்ளான்களையும் கண்டு, அந்த இடத்தின் சிறப்பை உலகறியச் செய்தவர்களுள் அவர் முதன்மையானவர். 1967-இல் கோடியக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலமாயிற்று. இருபது, முப்பது கிராம் எடையே உள்ள கொசு உள்ளான் குளிர்காலத்தை நம் உப்பங்கழிச் சேற்றில் கழித்துவிட்டு, இளவேனிலில் வடதுருவத்தை ஒட்டிய நிலங்களுக்குப் பறந்து சென்று முட்டையிடுகிறது. இந்தியாவில் வளையமிடப்பட்ட பறவைகள் அன்றைய சோவியத் நாட்டின் பகுதிகளில் மீண்டும் கிடைத்தபோது, இந்தப் பயணம் கதையிலிருந்து கணக்காக மாறியது. எங்கள் பகுதியின் சத்திமுத்தப் புலவர், குமரியிலிருந்து வடக்கே திரும்பும் நாரையைத் தம் ஊர்க் குளத்தில் தங்கிச் செல்லுமாறு வேண்டியவர். அவர் கண்ணால் கண்டு உணர்ந்த உண்மைக்கு, அலுமினிய வளையம் பல நூற்றாண்டுகளுக்குப் பின் முகவரி தந்தது.

பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது அவர்களுடைய தவறுகளை விட்டுவிடுவது நம் வழக்கம். அது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. ராஜஸ்தானின் பரத்பூர் ஈரநிலத்தைக் காக்க சாலிம் அலி பல்லாண்டுகள் போராடினார். அது தேசியப் பூங்காவான பின், எருமைகள் மேய்வதால் பறவைகளுக்குக் கேடு என்ற கருத்தில் 1982-இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. அந்தத் தடைக்கு அவருடைய ஆதரவும் இருந்தது. தலைமுறை தலைமுறையாக மேய்த்துவந்த மக்கள் எதிர்த்தனர். துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தனர். அதன் பின் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. அதே கழகம் மேற்கொண்ட நீண்டகால ஆய்வு, எருமைகள் இல்லாததால் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடியதையும், பறவைகளுக்கு அது பாதகமாக முடிந்ததையும் கண்டறிந்து வெளியிட்டது. தம் மூத்த தலைமுறையின் கருத்துக்கு எதிரான முடிவை மறைக்காமல் வெளியிடும் ஆய்வு மரபை வளர்த்தவர்களுள் சாலிம் அலியும் ஒருவர் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு நம் மாநிலத்திலேயே உண்டு. வேடந்தாங்கல் மக்கள், பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அறிந்து, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைச் சுடக் கூடாது என்று அன்றைய செங்கல்பட்டு ஆட்சியரிடம் உரிமை பெற்றனர். பரத்பூரில் மக்களை வெளியேற்றிப் பறவையைக் காக்க முயன்றனர். வேடந்தாங்கலில் மக்களே காத்தனர். எது நிலைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது என் தவறையும் சொல்லிவிடுகிறேன். 1980-களில் இளங்கலை வகுப்பில் நில வளத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, ஏரிப் புறம்போக்கையும் சதுப்பையும் பயன்படாத நிலம் என்ற தலைப்பின்கீழ் எழுதுவேன். உழவர் வீட்டு மாணவர் ஒருவர் எழுந்து, பயன்படாத நிலம் என்றால் கோடையில் தங்கள் ஊர் மாடு எங்கே தண்ணீர் குடிக்கிறது என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். சில ஆண்டுகளில் எங்கள் பகுதி ஏரி ஒன்றின் ஒரு மூலை மண் கொட்டி மேடாக்கப்பட்டது. அப்போதும் அதனை வளர்ச்சி என்றே எண்ணினேன். விலை குறிக்கப்படாத எதற்கும் மதிப்பில்லை என்று கருதுவது எங்கள் துறையின் பழைய நோய். அந்த மாணவருக்கு நான் தர வேண்டிய மதிப்பெண் இன்னும் பாக்கியிருக்கிறது.

2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டையின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் கோடியக்கரைக் காட்டையும் சிதைத்தது. வீழ்ந்த தென்னைகளை எண்ணி இழப்பீடு கேட்டோம், அது நியாயம். காற்றின் வேகத்தைத் தாங்கிய அலையாத்தி மரங்களையும், வெள்ளத்தை வாங்கிக்கொண்ட ஏரிகளையும் எந்தப் பட்டியலில் எழுதுவது என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. எனவே, பறவைகள் புறப்படும் நேரமும் ஏரிகள் வற்றும் நேரமும் ஒன்றாக அமைகின்றன. முத்துப்பேட்டைக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையே உள்ள உதயமார்த்தாண்டபுரம் சரணாலயம் கோடையில் வறண்டுவிடும் பாசன ஏரிதான். நெடும்பயணத்துக்கு முன் பறவைகள் உண்டு கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சில வாரங்களில் ஆழமில்லாத நீரும் ஈரச் சேறும் அவற்றுக்குத் தேவை. அறிவிக்கப்பட்ட சரணாலயங்கள் மட்டும் இதற்குப் போதா. 1934-இல் மேட்டூர்த் திட்டத்துடன் வந்த கல்லணைக் கால்வாய், எங்கள் ஊர் மக்களின் புது ஆறு, நீர் நிரப்பும் பெயர் தெரியாத ஏரி குளங்கள்தாம் பறவைகளின் வழிச் சத்திரங்கள்.

இவற்றைக் காக்கப் பெரும் செலவு வேண்டியதில்லை. தூர்வாரும்போது ஏரி முழுவதையும் ஒரே ஆழத்துக்கு வெட்டாமல், ஓரங்களைச் சரிவாக விடலாம். உள்ளானும் நாரையும் நிற்பது முழங்கால் அளவு நீரில்தான். மீன்பிடி குத்தகையில், கடைசிச் சொட்டு வரை இறைத்துவிடாமல் ஒரு பகுதி நீரை விட்டுவைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாம். கரையில் கருவேலத்தை வெட்டும்போது கூடு உள்ள மரங்களை ஒதுக்கலாம். இந்த முடிவுகளை ஆயக்கட்டு விவசாயிகளைக் கூட்டி வைத்து எடுக்க வேண்டும்; பரத்பூர் கற்பித்த பாடம் அது. டெல்டா 2020-இல் சட்டத்தின் மூலம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கப்பட்டது. வயல் மட்டும் பிழைத்து ஏரி அழிந்தால் அந்தப் பாதுகாப்புக்குப் பொருளில்லை.

சாலிம் அலிக்கு 1958-இல் பத்மபூஷண், 1976-இல் பத்மவிபூஷண் விருதுகள் வழங்கப்பட்டன. பன்னாட்டு விருதுடன் கிடைத்த பெருந்தொகையை இயற்கைப் பாதுகாப்புக்கே அளித்தார். 1985-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1987-இல், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், காலமானார். அவர் பெயரில் கோவையில் 1990-இல் பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் தொடங்கப்பட்டது. பட்டம் இல்லை என்று மறுக்கப்பட்டவரின் பெயரைத் தாங்கிய நிறுவனத்தில் இன்று ஆய்வாளர்கள் பட்டம் பெறுகிறார்கள்.

சென்ற பங்குனியில் வடுவூர்க் கரையில், பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி தன் தாத்தாவிடம் ஒரு பறவையைக் காட்டி அதன் பெயர் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை, என்னைக் கேட்கச் சொன்னார். தொலைநோக்கியை அவளிடம் கொடுத்து, அது இலைக்கோழி என்றேன். அன்று பட்டுக்கோட்டைக்குப் போகும் பேருந்தைத் தவறவிட்டேன், வருந்தவில்லை. நம் பிள்ளைகள் கேட்கும்போது பெயர் சொல்ல ஒருவரும், சுட்டிக்காட்ட ஒரு பறவையும், அது நிற்க ஒரு முழம் நீரும் இருக்க வேண்டும். முதலிரண்டும் நிலைப்பது மூன்றாவதைப் பொறுத்தது.

(கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர், பணி நிறைவு)